கத்தரிப் புள்ளி வண்டும் அதை அடக்கும் குளவியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கத்தரி இலையின் பச்சையத்தைச் சுரண்டித் தின்று நரம்பை மட்டும் விட்டுவைக்கும் எபிலாக்னா என்னும் புள்ளி வண்டுக்கு, நம் வயலிலேயே பிறந்து வளரும் எதிரி ஒன்று உண்டு. பீடியோபியஸ் ஃபோவியோலேட்டஸ் என்னும் அந்த ஒட்டுண்ணிக் குளவி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளமே இருப்பதால் எளிதில் கண்ணில் படுவதில்லை. பெண் குளவி வண்டின் புழுவுக்குள் முட்டையிடும். குளவியின் இளம்புழுக்கள் அதை உள்ளிருந்தே தின்று வளர, ஏறத்தாழ 2 வாரங்களில் ஒரே புழுவிலிருந்து 20 குளவிகள் வரை வெளிவரும்.

இதை அறியாமல் செய்யப்படும் பெருந்தவறு, பொறுக்கிய புழுக்களை எல்லாம் ஒன்றாகப் போட்டு எரிப்பது. பொறுக்குவது நல்ல பழக்கம்தான். ஆனால் இலையின் அடிப்புறத்தில் பழுப்பேறி, உப்பி, விறைத்து ஒட்டிக்கிடப்பவை வெறும் செத்த புழுக்கள் அல்ல, அடுத்த தலைமுறைக் குளவிகளின் கூடுகள். மஞ்சள் நிறத்தில், உடலெங்கும் கிளைத்த முட்களோடு மேய்ந்துகொண்டிருப்பவையே நலமான புழுக்கள், அவற்றை நசுக்கலாம். பழுப்பானவற்றை இலையோடு கிள்ளி ஒரு டப்பாவில் இட்டு, குளவி வெளியேறவும் வண்டு வெளியேற முடியாமலும் இருக்கும் வலையால் வாயைக் கட்டி, செடிகளுக்கிடையே நிழலில் தொங்கவிட வேண்டும். வேளாண் செலவில் இதைவிட மலிவான பாதுகாப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

புள்ளி உள்ள வண்டெல்லாம் பகை என்று கருதுவதும் தவறு. அசுவினியைத் தின்னும் பொறிவண்டின் முதுகு பளபளக்கும். எபிலாக்னாவின் முதுகோ நுண்மயிர் படர்ந்து மங்கலாக இருக்கும்.

அதேபோல், குளவி என்றதும் டிரைக்கோகிரம்மா என்னும் வேறொரு குளவி வளரும் முட்டைகள் ஒட்டிய அட்டையை வாங்கிக் கட்டுவோரும் உண்டு. அக்குளவி கத்தரியின் தண்டு, காய்த்துளைப்பானைப் போன்ற அந்துப்பூச்சிகளின் முட்டைகளுக்கானது. வண்டின் முட்டைக்கு அதனால் பயன் கிடையாது. பீடியோபியஸும் முட்டையையோ வளர்ந்த வண்டையோ தொடாது, புழுவை மட்டுமே தேடும். ஆகவே முட்டைக் குவியல்களையும் வண்டுகளையும் கையால் அகற்றும் வேலை நம்முடையதாகவே நீடிக்கிறது.

பழுப்புக் கூடுகள் தென்படத் தொடங்கிய வாரத்தில் வீரியமான பூச்சிக்கொல்லியைத் தெளிப்பது, வரப்போகும் குளவிகளை நாமே கொல்வதாகும். ஒரு புழுகூட இருக்கக்கூடாது என்ற பிடிவாதமும் கூடாது. புழு இல்லையேல் குளவிக்கு வாழ்வில்லை. 1960களில் இந்தியாவிலிருந்து இக்குளவியை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்று, பீன்ஸையும் சோயாவையும் அழிக்கும் மெக்சிகன் பீன் வண்டின் மீது விட்டார்கள். அங்குக் குளிர்காலத்தில் வளர்ந்த வண்டுகள் மட்டும் உறங்கிக் கிடக்கும், புழுக்கள் இரா. அதனால் குளவிகள் முற்றிலும் மடிந்துபோக, நியூஜெர்சி வேளாண் துறை ஆய்வகத்தில் அவற்றை வளர்த்து ஆண்டுதோறும் புதிதாக விடவேண்டியிருந்தது. நம் கத்தரி வயலில் அந்தக் குளிர் இல்லை.