"இல்லை" நோட்டு: சிறிய கடை நடத்துவோருக்குச் சில நடைமுறைகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்குப் பக்கத்தில் பெயிண்ட், பிவிசி குழாய், ஆணி, மண்வெட்டி என்று வீட்டுக்கும் தோட்டத்துக்கும் வேண்டியவற்றை விற்கும் ஒரு சிறிய ஹார்ட்வேர்ஸ் கடையை, மூன்று ஊழியர்களுடன் நடத்தி வருகிறேன். ஒரு மழைக்காலக் காலையில் நான் கல்லாவில் உட்கார்ந்து பில்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, முக்கால் இஞ்சுக் குழாயை அரை இஞ்சுக் குழாயோடு இணைக்கும் ரெடியூசர் கேட்டு வந்த ஒருவரை எங்கள் ஊழியர் தலையை நிமிர்த்தாமலேயே "இல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த ரெடியூசருக்காக நானும் பெரிதாக வருத்தப்பட்டிருக்க மாட்டேன். ஆனால் எதிர்க்கடைக்குப் போன அவர் ரெடியூசரோடு நான்கு லெங்த் குழாயும், ஒரு டஜன் எல்போவும், ஒரு கேட் வால்வும், சால்வென்ட் டப்பாவும் வாங்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனதை என் கண்ணாலேயே பார்த்தேன். அன்று மாலை அலமாரியை ஒதுக்கும்போது, டீ (T) வடிவக் குழாய் இணைப்புகள் வைத்திருக்கும் பெட்டிக்குப் பின்னால் அதே ரெடியூசர் 11 கிடந்தது.

விற்பனையைக் கூட்ட என்ன செய்யலாம் என்று கேட்கும் கடைக்காரர்களுக்கு விளம்பரத்தையும் தள்ளுபடியையும் விட முதலில் நான் சொல்வது, கடையில் ஒரு நாளைக்கு எத்தனை முறை "இல்லை" என்று சொல்கிறோம் என்பதை எழுதி வையுங்கள் என்பதுதான். விற்றதைக் காட்ட பில் புத்தகம் இருக்கிறது. விற்காமல் போனதைக் காட்ட நம்மிடம் எந்தப் புத்தகமும் இல்லை.

இதற்கு 80 பக்க நோட்டு ஒன்று போதும். அதில் தேதி, கேட்ட பொருள், கேட்டவர் எப்படிப்பட்டவர், நாம் என்ன செய்தோம் என்று நான்கு கட்டங்கள் போட்டுக்கொள்ளுங்கள். பொருளின் பெயரை, வந்தவர் எந்தச் சொல்லால் கேட்டாரோ அந்தச் சொல்லிலேயே எழுத வேண்டும் என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். நம் மாவட்டத்தில் இது முக்கியம். விளவங்கோடு பக்கத்திலிருந்தும் களியக்காவிளைக்கு அப்பால் கேரளத்திலிருந்தும் வருபவர்கள் தூம்பா என்று கேட்பார்கள். நாகர்கோவிலைச் சேர்ந்த ஊழியருக்கு அது மண்வெட்டி என்று தெரியாவிட்டால், கடை வாசலில் பத்து மண்வெட்டி சாத்தி வைத்திருக்கும்போதே "இல்லை" என்று சொல்லிவிடுவார். எங்கள் நோட்டில் முதல் மாதம் எழுதப்பட்ட "இல்லை"களில் பல, பெயர் புரியாததால் வந்தவைதான். கேட்டவர் எப்படிப்பட்டவர் என்ற கட்டத்தில் பெயர் எழுதத் தேவையில்லை. வீட்டுக்காரர், பிளம்பர், பெயிண்டர், ரப்பர் தோட்டக்காரர் என்று எழுதினாலே போதும்.

வார இறுதியில் அந்தப் பக்கங்களை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தால், "இல்லை" மூன்று வகை என்பது தெரியும். நாம் வாங்கி வைக்காத பொருள் முதல் வகை. வாங்கி வைத்துத் தீர்ந்துபோனது இரண்டாம் வகை. கடைக்குள்ளேயே இருந்தும் இல்லை என்று சொன்னது மூன்றாம் வகை. முதல் வகையைக் கண்டு உடனே மொத்த வியாபாரிக்குப் போன் போட வேண்டாம். ஒரு பொருளை ஒரே மாதத்தில் மூன்று வெவ்வேறு ஆட்கள் கேட்டிருந்தால் மட்டும், சிறிய அளவில் வாங்கிப் பாருங்கள். ஒருவர் ஒருமுறை கேட்டார் என்பதற்காக நான் வாங்கிய குரோம் பூசிய ஷவர் செட் இரண்டு இன்னும் மேல் அலமாரியில் இருக்கிறது. ஓடாத சரக்கு ஒரு லட்ச ரூபாய்க்கு முடங்கிக் கிடந்தால், ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்று வைத்தாலும் 12,000 ரூபாய் சும்மா போகிறது. இரண்டாம் வகைக்கு, பெட்டியின் உள்புறத்தில் ஒரு கோடு போட்டு, சரக்கு அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் ஆர்டர் போட வேண்டும் என்று வைத்துவிட்டால் போதும். கம்ப்யூட்டரில் இருப்புக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கும் இந்தக் கோட்டைச் சிபாரிசு செய்வேன். பில் போடுவதற்கு முன்பே அது கண்ணில் படும்.

மூன்றாம் வகைதான் கடையைத் தின்னும் கறையான். சரக்குக்குக் காசு கொடுத்தாயிற்று, அடுக்கி வைக்கக் கூலி கொடுத்தாயிற்று, வாங்க ஆளும் வந்தாயிற்று, அப்படியிருந்தும் விற்கவில்லை. இதற்குக் காரணம் பெரும்பாலும் ஊழியரின் சோம்பல் என்று முதலாளிகள் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நோட்டுத் தொடங்கிய முதல் இரண்டு வாரங்கள், ஒவ்வொரு வரியையும் காட்டி "ஏன் இல்லைன்னு சொன்னே?" என்று விசாரித்தேன். மூன்றாவது வாரம் நோட்டில் ஒரு வரிகூட ஏறவில்லை. "இல்லை" சொல்வது நின்றுவிட்டது என்று இரண்டு நாள் மகிழ்ந்த பிறகுதான், எழுதுவது நின்றுவிட்டது என்பது புரிந்தது. ஆகையால் இதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்: அந்த நோட்டில் எழுதிய எதற்காகவும் யாரையும் ஏசக் கூடாது. எழுதியவரைப் பாராட்டக்கூட வேண்டாம். எழுதியதற்கு என்ன செய்தோம் என்பதை அடுத்த வாரம் சொன்னால், அவர் தொடர்ந்து எழுதுவார்.

கூட்டாக வேலை செய்வது என்று பெரிதாகப் பேசப்படும் விஷயம், சிறிய கடையில் இந்த மூன்றாம் வகை "இல்லை"யில்தான் வந்து நிற்கிறது. ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியவில்லை என்பதே அதன் பொருள். நாங்கள் காலையில் ஷட்டரைத் திறந்ததும் 10 நிமிடம் நின்றுகொண்டே பேசுகிறோம். நேற்று வந்த சரக்கு எங்கே அடுக்கப்பட்டிருக்கிறது, விலை மாறியது எது, இன்று யார் என்ன வாங்க வருவதாகச் சொல்லியிருக்கிறார் என்ற மூன்று செய்திகளுக்கு மேல் அதில் எதுவும் கிடையாது. 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தபோது, அந்தப் பத்து நிமிடத்தின் அருமை எங்களுக்குத் தெரிந்தது. வரிக்கு முந்தைய விலை 300 ரூபாய் என்று கொண்டால், 384 ரூபாய் மூட்டை 354 ரூபாயாக வேண்டும் என்று ஒரு தாளில் கணக்கிட்டுக் காட்டியிருந்ததால், "வரி கொறஞ்சும் வெல ஏன் கொறயல்ல?" என்று சண்டைக்கு வந்தவர்களுக்கு மூவரும் ஒரே பதிலைச் சொல்ல முடிந்தது. ஆளுக்கொரு பதில் சொன்னால், நேர்மையான கடைகூட ஏமாற்றுக் கடையாகத்தான் தெரியும்.

ஒவ்வொரு அலமாரிக்கும் ஒருவரைப் பொறுப்பாக்குவது நல்லது. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றி விடுங்கள். இல்லாவிட்டால், பெயிண்ட் பகுதி ஊழியர் சிவராத்திரிச் சிவாலய ஓட்டத்துக்கு விடுப்பில் போன நாளில் பெயிண்டே விற்காது. விடுப்பு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காடு கொடை, ஓணம், பெருநாள் என்று நம் ஊரில் ஆளுக்கொரு விசேஷம் உண்டு. ஆண்டுத் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் அவரவர் நாளைக் குறித்துவிட்டால், ஒருவருக்காக மற்றவர் நிற்பதில் முகச்சுளிப்பு இருக்காது. ஊழியர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்திருப்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் சொல்வதற்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. மாலை ஆறு மணிக்குக் கால் கடுத்து நிற்பவர் தலையை நிமிர்த்திப் பதில் சொல்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

வாடிக்கையாளரிடம் பேசும் முறையில், "இல்லை" என்ற சொல்லோடு வாக்கியத்தை முடிக்கக் கூடாது என்பதை மட்டும் பழக்கினால், மற்றவை தானாக வரும். "அண்ணே, அது இப்ப இல்ல, நாளைக்குக் காலத்தே வரும், போன் போடட்டா?" என்று கேட்டால், அவசரமில்லாதவர் காத்திருப்பார். அவசரமானவரிடம், எந்தக் கடையில் கிடைக்கும் என்று சொல்லி அனுப்புங்கள். இதைச் சொன்னால் சில முதலாளிகளுக்குக் கோபம் வருகிறது. வழி சொல்லி அனுப்பிய ஆள் அடுத்த முறை நம்மிடமே முதலில் வந்து கேட்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வயதானவர் வந்தால் ஐயா, அம்மா என்றும், மலையாளம் பேசும் பெண்கள் வந்தால் சேச்சி என்றும் அழைப்பதற்கு யாருக்கும் பயிற்சி தேவையில்லை. மொபைலைக் கீழே வைப்பதற்குத்தான் தேவை.

திருப்பிக் கொடுக்கும் பொருள்களைப் பற்றிய தகராறுகளை, விற்கும்போதே பேசித் தீர்த்துவிட வேண்டும். பயன்படுத்தாத குழாய் இணைப்புகளைப் பில்லோடு 7 நாளுக்குள் கொண்டுவந்தால் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். அறுத்த குழாயையும் கலக்கிய பெயிண்டையும் எடுப்பதில்லை. நிறம் கலக்கும் இயந்திரம் வைத்திருப்பவர்கள், கலக்குவதற்கு முன் ஷேடு கார்டில் உள்ள எண்ணை வாடிக்கையாளரிடம் காட்டி, பில்லில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அதே எண்ணையும் தேதியையும் டப்பாவின் மூடியிலும் மார்க்கரால் எழுதுங்கள். இரண்டு ஆண்டு கழித்து, மழையில் ஊறிய ஒரு சுவரை மட்டும் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும்போது, துருப்பிடித்த அந்த மூடியைத் துணியில் சுற்றிக்கொண்டு ஒருவர் நம் கடையைத் தேடி வருவார். பெயிண்ட் வியாபாரத்தில் இதைவிட மலிவான விளம்பரத்தை நான் அறியவில்லை. அதேபோல், ஆணியையும் கம்பியையும் எடைபோடும் மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் அரசு முத்திரை பெற்று, சான்றிதழைக் கண்ணில் படும்படி மாட்டி வையுங்கள்.

தள்ளுபடியைப் பற்றி ஒரு கணக்கு. 80 ரூபாய்க்கு வாங்கி 100 ரூபாய்க்கு விற்கும் பொருளுக்கு 10 சதவீதம் குறைத்தால், 20 ரூபாய் லாபம் 10 ரூபாயாகிறது. பழைய லாபத்தைப் பார்க்க இரண்டு மடங்கு விற்க வேண்டும். எங்கள் அளவுக் கடையில் தள்ளுபடிக்காக யாரும் இரண்டு மடங்கு ஆணி வாங்குவதில்லை.

அதைவிடப் பயனுள்ளது, எந்த மாதத்தில் யார் கையில் பணம் இருக்கும் என்று தெரிந்து வைத்திருப்பது. நம் மாவட்டத்துக்கு இரண்டு கடல் என்பதுபோல, மீன்பிடித் தடைக்காலமும் இரண்டு. சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் விசைப்படகுகள் கடலுக்குப் போகா. அந்த நாட்களில் கடற்கரை ஊர்க்காரர்களிடம் புதிய டைல்ஸ் விற்க முயல்வது வீண்; ஓட்டை அடைக்கும் பொருள்களும் தார்ப்பாயும் விற்கும். ரப்பர் தோட்டக்காரர்கள் தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் மரத்தில் பால் வெட்டும் இடத்தை மழைநீர் படாமல் காக்கும் ரெயின் கார்டு ஒட்டியாக வேண்டும் என்பதால், அதற்கான பாலித்தீன் ஷீட்டும் பசையும் ஏப்ரல் கடைசியிலேயே கடையில் இருக்க வேண்டும். ஜூனில் வந்து இறங்கினால் அடுத்த ஆண்டுவரை அடைகாக்கலாம். வளைகுடாவில் வேலை செய்பவர்கள் குடும்பத்தோடு ஊருக்கு வரும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வீட்டைப் பழுதுபார்க்கும் வேலை சூடுபிடிக்கும். கிறிஸ்துமஸுக்கு முன் வெள்ளையடிக்காத வீடு மேற்கே குறைவு. இந்த வரவுகளெல்லாம் எனக்கு வாய்வழியாகத் தெரிந்திருந்தன. எத்தனை நாள் முன்னதாக வாங்கி வைக்க வேண்டும் என்பதைச் சொன்னது நோட்டுதான்.

பற்று வரவைச் சொல்லாமல் இந்தத் தொழிலைப் பேச முடியாது. பிளம்பருக்கும் காண்டிராக்டருக்கும் கடன் கொடுக்காமல் ஹார்ட்வேர்ஸ் கடை நடக்காது. கொடுத்தாலும் நடக்காது என்று வேடிக்கையாகச் சொல்வோம். ஒரு காண்டிராக்டர் என்னிடம் ஒரு நாள், ஊழியர் ஒருவரிடம் ஒரு நாள், என் தம்பியிடம் ஒரு நாள் என்று பற்று எழுதி வாங்கிப் போனதை, மூவரும் தனித்தனிச் சீட்டில் குறித்து வைத்திருந்தோம். கூட்டிப் பார்த்தபோது 68,000 ரூபாய் நின்றது. அதில் பாதிக்கு மேல் இன்னும் வரவில்லை. இதில் அவரைக் குறை சொல்வதற்குச் சமமாக எங்களையும் சொல்ல வேண்டும். அதன் பிறகு பற்று நோட்டு ஒன்றே ஒன்றுதான்; அது கல்லாவில் இருக்கும். ஒவ்வொருவர் பெயருக்கு மேலும் பென்சிலால் ஓர் உச்ச வரம்பு எழுதியிருக்கும். வரம்பைத் தாண்டினால் முதலாளியைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது என்ற விதி முதலாளிக்கும் பொருந்தும். நான் தாண்டிக் கொடுத்தால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். ஒன்றாம் தேதி எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் நிலுவைத் தொகையை அனுப்பிவிடுகிறோம். கடையில் நான்கு பேர் நிற்கும்போது ஒருவரிடம் பாக்கியைக் கேட்பதில்லை. அப்படிக் கேட்டுப் பணம் வந்திருக்கலாம். அந்த ஆள் திரும்ப வரமாட்டார்.

தொடங்குகிறவர்கள் முதல் மாதம் வேறு எதையும் மாற்ற வேண்டாம். எழுதுவது மட்டும் நடக்கட்டும். இரண்டாவது மாதம் அலமாரியில் பெயர்ச்சீட்டு ஒட்டுங்கள். அதில் தூம்பா, மண்வெட்டி இரண்டும் இருக்கட்டும். வாங்கும் பட்டியலில் கை வைப்பது மூன்றாவது மாதத்துக்குப் பிறகு போதும். நோட்டு முடிந்துவிட்டால் பழைய தாள்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். அடுத்த ஏப்ரலில் ரெயின் கார்டு ஷீட் எத்தனை ரோல் என்று மொத்த வியாபாரியிடம் பேரம் பேசும்போது, சென்ற ஆண்டின் மே, ஜூன் பக்கங்களைத் திறந்து முன்னால் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.