கட்டுமரத்தைப் பாதுகாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2004 சுனாமியில் குமரி மாவட்டத்தின் குளச்சல், மணக்குடி கரைகளில் உடைந்துபோன கட்டுமரங்களுக்குப் பதிலாகப் பெரும்பாலும் ஃபைபர் படகுகளே வந்தன. பிழைப்புக்கு அவை வேண்டியிருந்தன, அதைக் குறை சொல்ல முடியாது. மிஞ்சிய கட்டுமரங்களைத்தான் இன்று பள்ளி வளாகத்திலும் தேவாலய முற்றத்திலும் நிறுத்திப் பாதுகாக்க ஆசைப்படுகிறோம். நல்ல ஆசைதான், செய்யும் விதத்தில்தான் கோளாறு.

முதல் வேலையாக வார்னிஷ் அடித்துவிடுகிறார்கள். கட்டுமரத் தடி தண்ணீரை உறிஞ்சும். அதனால்தான் கரையேறியதும் கயிற்றுக் கட்டை அவிழ்த்து, தடிகளைத் தனித்தனியாகக் காயப்போடும் பழக்கம் இருந்தது. உள்ளே ஈரம் இருக்கும்போதே மேலே பூசி அடைத்தால் வெளியே பளபளக்கும், உள்ளே உளுத்துப்போகும். விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள், பொத்தென்று சத்தம் வந்தால் அந்த இடம் போய்விட்டது. நிழலில், தரையில் படாமல், காற்றோட்டமாக வைத்தாலே பாதிப் பாதுகாப்பு ஆயிற்று.

அதைவிடப் பெரிய தவறு, கயிறு இற்றுப்போனதும் இரும்பு போல்ட் போட்டு முடுக்குவது. உப்பில் இரும்பு துருப்பிடிக்கும், துளையைச் சுற்றி மரம் பிளக்கும். அலையில் ஏறி இறங்கும்போது தடிகள் கொஞ்சம் அசைந்து கொடுக்க வேண்டும், தும்புக்கயிறு, அதாவது தேங்காய் நார்க் கயிறு, அதற்கு இடம் கொடுக்கும். சரி, கயிறு போனால் என்ன செய்வது? அவிழ்க்கும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். எந்தத் தடி எங்கே என்று சுண்ணாம்புக் கட்டியால் எண் போடுங்கள், ஒன்றுக்கொன்று பொருந்தத்தான் செதுக்கியிருப்பார்கள். அப்புறம் கட்டத் தெரிந்த பெரியவரை அழைத்து, இரண்டு மூன்று இளைஞர்களின் கையால் கட்ட வையுங்கள். இந்தக் கட்டு கைமாறாவிட்டால் மிஞ்சுவது வெறும் தடிகள்தான்.

புதுக் கட்டுமரம் செய்பவர்கள் உறுதி என்று தேக்கைத் தேடுவதும் வேண்டாம். கட்டுமரத்துக்குள் காற்று நிற்கும் குழி கிடையாது, தடியின் லேசுதான் அதை மிதக்க வைக்கிறது. முருக்கு, இலவு, பின்னாளில் அல்பீசியா என்று லேசான மரங்களையே எடுத்தது அதனால்தான்.

செதுக்கும் மேஸ்திரிக்குப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுவதும் தவறே. அவருக்கு வேண்டியது வேலையும் கூலியும். ஆண்டுக்கு ஒரு மரமாவது செய்யச் சொல்லுங்கள், தடி தேர்வதிலிருந்து கடைசி முடிச்சு வரை கூடவே இருந்து பதிவு செய்யுங்கள்.