அம்பாசிடர் வாய் திறந்தால்: ஒரு காரின் தன்வரலாற்றை எழுதும் முறை

பள்ளிக்கூடக் கட்டுரை நோட்டில் கிழிந்த குடையும் பழைய பேருந்தும் தம் கதையைத் தாமே சொல்லும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. தொழிற்சாலையில் பிறந்தேன், நல்ல முதலாளியிடம் சேர்ந்தேன், ஊரெல்லாம் சுற்றினேன், இன்று காயலான் கடையில் கிடக்கிறேன் என்று அவை எல்லாம் ஒரே அச்சில் முடியும். குடையை எடுத்துவிட்டு நாற்காலியை வைத்தாலும் அந்தக் கட்டுரையில் ஒரு வரியும் மாறாது. மனிதனின் வாழ்க்கையையே பொருளின் வாயில் திணித்துவிடுவதுதான் அதன் குறை. ஆகவே காரைப் பேசவைக்க விரும்புகிறவர், கார் என்ற பொதுச்சொல்லை விட்டுவிட்டு, பதிவெண்ணும் பள்ளமும் கீறலும் உள்ள ஒரு குறிப்பிட்ட வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கே அம்பாசிடரை எடுத்துக்கொள்கிறேன். அதிகாரியின் வாகனம், வாடகை வண்டி, கல்யாணக் கார் என்று ஒரே ஆயுளில் பல பிழைப்புகள் பார்த்த கார் அதைப்போல் வேறொன்று நம் சாலைகளில் அரிது.

பிறப்புப் பகுதியைச் சுருக்கமாக முடித்துவிடுங்கள். கொல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி 1950-களின் பிற்பகுதியில் தொடங்கிய உற்பத்தி, 2014 மே மாதம் நின்றது. இந்த விவரங்கள் எல்லா அம்பாசிடர்களுக்கும் பொது என்பதால் உங்கள் வண்டியைத் தனித்துக் காட்டா. ஆனால் காலப்பிழையைத் தவிர்க்க அவை தேவை: நெடுங்காலம் 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சினே அதை இழுத்தது. இசுசு எஞ்சினும் ஐந்து கியர்ப் பெட்டியும் 1990-களில்தான் வந்தன. மாருதி 800 முதன்முதலில் விற்பனைக்கு வந்தது 1983 டிசம்பரில் என்பதால், அதற்கு முந்தைய பயணம் எதிலும் உங்கள் கார் அந்தச் சிறிய வண்டியிடம் வழிவிட்டு ஒதுங்க முடியாது.

அடுத்தது ஆவணம். பதிவெண்ணில் எம்.எஸ். போன்ற பழைய எழுத்துகள் இருந்தால் அது 1989-க்கு முந்தைய வண்டி, டி.என். என்பதற்கு அடுத்துப் பதிவு அலுவலகத்தின் எண் இருந்தால் பிந்தைய பதிவு. ஆர்.சி. புத்தகத்தில் உரிமையாளர் பெயர் எத்தனை முறை மாறியிருக்கிறது, கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் எப்போது ஏறி எப்போது நீங்கியது, வாடகை வண்டி எந்த ஆண்டில் சொந்த உபயோகத்துக்கு மாற்றப்பட்டது என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மஞ்சள் பலகை வெள்ளைப் பலகையானது அந்த வண்டிக்கு ஓர் ஓய்வு. அங்கிருந்து கதையின் வேகத்தைக் குறைக்கலாம்.

ஆவணம் சொல்லாததை உடம்பு சொல்லும். இந்த வேலைக்கு ஒரு முழுப் பகலை ஒதுக்குவது நல்லது. கதவு ரப்பரை மெல்ல விலக்கிப் பாருங்கள். மேலே கறுப்பாக மின்னும் வண்டியின் உள்விளிம்பில் அரசு வாகனத்தின் வெள்ளை நிறம் எஞ்சியிருக்கக்கூடும். கூரையின் நடுவில் பட்டி வைத்து அடைத்த துளை சுழல் விளக்கு நின்ற இடமாகலாம், பானெட்டின் முனையில் உள்ள துளை கொடிக்கம்பத்தின் இடமாகலாம், பின்கண்ணாடியின் இருபுறமும் இருக்கும் சிறு கொக்கிகள் திரைச்சீலை தொங்கியதைக் காட்டலாம். மூன்றும் ஒரே வண்டியில் இருந்தால், ஏலத்துக்கு வருமுன் அது யாரைச் சுமந்தது என்று ஊகிக்க அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. கூரையின் இருபக்க விளிம்பும் நசுங்கியிருந்தால் கேரியர் மாட்டியிருக்கிறார்கள்; அதில் ஏறியது சபரிமலைக்குப் போனவர்களின் மூட்டையா, தேர்தல் காலத்துக் குழாய் ஸ்பீக்கரா என்பதைப் பழைய டிரைவரிடம்தான் கேட்க வேண்டும். மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். ஐந்து இலக்க மீட்டர் 99,999-ஐத் தாண்டியதும் மறுபடி சுழியத்துக்கு வந்துவிடும். கிளச் மிதியின் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிகிறதா என்பதே அதைவிட நேர்மையான சாட்சி.

எழுதுகிறவரை உண்மையில் தடுமாற வைப்பது எஞ்சின். பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் பொருத்துவது வாடகை அம்பாசிடர்களில் சாதாரணமாக நடந்தது. அப்படியானால் பேசுவது யார்? சட்டத்தின் பார்வையில் சேஸிஸ் எண்தான் வண்டியின் அடையாளம். ஆனால் ஓடிய களைப்பை அறிந்த உறுப்போ வேறொரு வண்டியிலிருந்து வந்தது. சேஸிஸை நினைவின் இடமாகவும், வந்து சேர்ந்த எஞ்சினைத் தன் பழைய ஊரைப் பற்றி வாய் திறக்காத குடித்தனக்காரராகவும் வைத்துக்கொள்வது என் விருப்பம். இரண்டையும் சண்டையிட வைப்பவர்களும் உண்டு. நகைச்சுவைக்கு அது பொருந்தும், நீண்ட கதைக்குத் தாங்காது.

இனி மிக முக்கியமான விதி. காருக்குத் தெரியக்கூடியதை மட்டுமே கார் சொல்ல வேண்டும். எடை, சூடு, அதிர்வு, கதவு சாத்தப்படும் விசை, சாவி திரும்பும் நேரம் ஆகியவை அதற்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குள் மருத்துவர் சொன்னது தெரியாது, வீட்டுக்குள் நடந்த பாகப்பிரிவினையும் தெரியாது. இந்தக் குறுகிய அறிவுக்குள் நின்று எழுதினால் இப்படி வரும்:

"போகும்போது பின்பக்க ஸ்பிரிங் நன்றாக அமுங்கியிருந்தது. மதுரைப் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் எல்லாக் கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்தன. ஒன்றைச் சாத்த மறந்தார்கள். எஞ்சின் முழுக்க ஆறிய பிறகுதான் சாவி திரும்பியது. திரும்பி வரும்போது எடை குறைந்திருந்தது. மேலூர் வரையில் டிரைவர் ஹாரனைத் தொடவில்லை."

இதில் கார் அழவில்லை, தத்துவமும் பேசவில்லை. நடந்ததை வாசகர் தாமே கண்டுகொள்வார். இதையே 'என் நெஞ்சு வெடித்தது' என்று எழுதியிருந்தால் பள்ளிக் கட்டுரைக்குத் திரும்பியிருப்போம்.

காலத்தையும் வண்டியின் அளவையில் சொல்லுங்கள். மனிதர் ஆண்டைச் சொல்லும் இடத்தில் அது தகுதிச் சான்றான எஃப்.சி.க்குப் போன முறைகளையும், டயர் மாற்றியதையும், ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்ததையும் கணக்காக வைத்துக்கொள்ளும். எந்தக் காலத்திலிருந்து பேசுகிறது என்பதை முன்பே தீர்மானியுங்கள். காயலான் கடையிலிருந்து பேசவைத்தால் முழுக்கதையும் புலம்பலாகிவிடும். ஒரு பெயர் மாற்றத்துக்குக் கையெழுத்தாகும் நாளில் நிறுத்தினால், பழைய வீட்டைப் பற்றி எல்லாம் தெரிந்தும் புதிய வீட்டைப் பற்றி எதுவும் தெரியாத நிலையில் அது பேசும். சொல்வதற்கு அதற்கு ஒரு காரணமும் கிடைக்கும்.

எழுதி முடித்ததும், அந்த வண்டியை ஓட்டிய டிரைவருக்கோ அதற்கு வேலை பார்த்த மெக்கானிக்குக்கோ வாசித்துக் காட்டுங்கள். ஸ்டீயரிங்கை ஒட்டிய கை கியர் வண்டியில் தரையிலிருந்த கியரை இழுத்ததாக எழுதியிருந்தால் அவர்கள் அந்த வரியிலேயே நிறுத்திவிடுவார்கள். அதைத் திருத்திவிட்டு, அவர்கள் இடையில் சொல்லும் கிளைக்கதைகளை வேறொரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வரைவுக்கான சரக்கு பெரும்பாலும் அங்கிருந்தே கிடைக்கும்.