குவார்ட்டரை ஒன்று என்று எழுதாதீர்கள்: போதைப் பழக்க ஆய்வில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

சமூக மருத்துவ முதுகலை மாணவர்கள், பொதுச் சுகாதாரம் படிப்பவர்கள், சமூகப் பணி முடித்தவர்கள் என்று சென்னையில் ஆண்டுதோறும் பலர் மதுப் பழக்கத்தை ஆராயக் கிளம்புகிறார்கள். புள்ளியியல் மென்பொருளில் எல்லோரும் கெட்டிக்காரர்கள். கோட்டை விடுவது வீட்டு வாசலில், கேள்வி கேட்கும் இடத்தில்.

மதுப் பழக்கத்தை மதிப்பெண் போட்டு அளக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஆடிட்’ வினாத்தாளையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 10 கேள்விகள். இரண்டாவது, குடிக்கும் நாளில் எத்தனை டிரிங்க் என்பது. எதிரில் இருப்பவர் “ஒரு குவார்ட்டர்” என்கிறார். ஆய்வாளர் ‘1 அல்லது 2’ என்ற கட்டத்தில் டிக் அடிக்கிறார், மதிப்பெண் பூஜ்யம். அந்த வினாத்தாளின் கணக்கில் ஒரு டிரிங்க் என்பது 10 கிராம் தூய ஆல்கஹால். 42.8 சதவீத பிராந்தி என்றால் 180 மில்லி குவார்ட்டரில் சுமார் 60 கிராம் இருக்கிறது. அதாவது ஆறு டிரிங்க், இரண்டு மதிப்பெண். ‘கட்டிங்’ என்றால் அதில் பாதி. 650 மில்லி பீர் பாட்டிலும் ஒன்றல்ல: 5 சதவீதமானால் இரண்டரை, 8 சதவீதமானால் நான்கு. மொத்தம் 8 எடுத்தாலே அபாயக் குடி என்று கொள்ளும் அளவுகோலில் இரண்டு மதிப்பெண் தொலைவது சின்ன விஷயமா? குவார்ட்டர், ஆஃப், ஃபுல், பீர் என்று படம் அச்சிட்ட அட்டையைக் காட்டிக் கேளுங்கள். தனியாகக் குடித்ததா, பங்கு போட்டதா என்றும் கேளுங்கள். இதை வகுப்பில் சொல்லிக் கொடுத்தால் போதாது. வழிகாட்டிப் பேராசிரியர் முதல் சில நேர்காணல்களிலாவது பக்கத்தில் உட்கார வேண்டும். பலர் உட்காருவதில்லை.

புகையிலையிலும் இதே கதைதான். பொதுப்படையாகக் கேட்டால், வெற்றிலையோடு புகையிலை போடும் பாட்டியும் உதட்டுக்குள் ஹான்ஸ் புகையிலை வைத்திருப்பவரும் “பழக்கம் இல்லை” என்றுவிடலாம். 2016-17 தேசியப் புகையிலை ஆய்வின்படி இந்தியாவில் புகைப்பவர்களைப்போல் இரு மடங்குப் பேர் புகையில்லாப் புகையிலைக்காரர்கள். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது இடம். மது என்றாலே ஏழைகள் அதிகம் வாழும் கண்ணகி நகருக்கோ வியாசர்பாடிக்கோ வண்டியை விடுவது வழக்கமாகிவிட்டது. வசதியானவர்கள் வாழும் அண்ணா நகர் அடுக்குமாடிகளில் காவலாளியைத் தாண்டுவது கடினம். அதனால் அங்கே யாருமே குடிப்பதில்லை என்றுதான் நம் தரவுகள் சொல்லும். மருத்துவமனை வார்டில் மட்டும் ஆள் பிடிப்பதும் இதே கோளாறுதான். மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதேனும் சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். மீதி 37 பேர் வார்டுக்கு வெளியே இருக்கிறார்கள்.

நேரமும் முக்கியம். வேலைநாளில் பகலில் போனால் கணவருக்குப் பதில் மனைவி பதில் சொல்வார். டாஸ்மாக் கடை பகல் 12 முதல் இரவு 10 வரை திறந்திருக்கும் ஊரில், இரவு போனால் போதையில் இருப்பவர் ஆய்வுக்குத் தரும் ஒப்புதல் ஒப்புதலே அல்ல. ஞாயிறு காலை பரவாயில்லை. ஒற்றை அறை வீட்டில் மாமியார் காதுபட யாரும் உண்மை சொல்லமாட்டார்கள் என்பதால், மொட்டை மாடியோ படிக்கட்டோ பாருங்கள்.

கஞ்சா பற்றிய கேள்வி இருக்கும் தாளிலேயே பெயரும் கைப்பேசி எண்ணும் எழுதக் கூடாது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் பயன்படுத்துவதே குற்றம். தாளில் குறியீட்டு எண் மட்டும் போடுங்கள்; எந்த எண் யாருடையது என்ற பட்டியலைத் தனியே பூட்டி வையுங்கள்.

ஆர்வக் கோளாறு ஒன்று உயிருக்கே உலை வைக்கும். காலையில் கை நடுக்கம் தீரக் குடிப்பவரிடம் “இன்றோடு விட்டுவிடுங்கள்” என்று உபதேசிப்பது அது. திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதையடுத்த நாட்களில் கடும் குழப்பமும் இல்லாதவை கண்ணில் தெரிவதும் தொடங்கலாம். கவனிக்காவிட்டால் மரணம்கூட நேரலாம். மருத்துவக் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம், அடையாறு இந்திரா நகரில் போதை மீட்புச் சிகிச்சை தரும் டி.டி.கே. மருத்துவமனை ஆகிய இரண்டையும் களத்துக்குப் போகும் முன்பே நேரில் பார்த்துவிடுங்கள். எந்த நேரத்தில் வர வேண்டும், உடன் ஒருவர் வேண்டுமா, செலவு எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆய்வுக்கு உட்பட்டவர் முதலில் கேட்கப் போவது அந்த மூன்றையும்தான். தொலைபேசி ஆலோசனைக்கு 14416, போதை மீட்புக்கு 14446.