பூம்சேயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: பொருள் காலில் இருக்கிறது

டேக்வாண்டோ பழகும் பலருக்கு பெல்ட் தேர்வு நெருங்கும்போதுதான் பூம்சே, அதாவது குறிப்பிட்ட வரிசையில் செய்யும் அசைவுத் தொடர், ஞாபகம் வருகிறது. வரிசையை மனப்பாடம் செய்து முடித்துவிடுகிறார்கள், இதற்கு என்ன பொருள் என்று கேட்டால் "வானம்", "நெருப்பு" என்று ஒரே வார்த்தையில் பதில் வருகிறது, அதோடு சரி. அசைவைத் தனியாகவும் பொருளைத் தனியாகவும் படிப்பதுதான் எனக்குத் தெரிந்து முதல் தவறு, மற்ற பல தவறுகள் அதிலிருந்துதான் கிளம்புகின்றன.

கலர் பெல்ட்டுக்கான எட்டு டேகுக் பூம்சேகளும் பழைய சீன மரபில் வரும் எட்டுக் குறிகளைச் சார்ந்தவை. ஒவ்வொரு குறியிலும் மூன்று கோடுகள், முழுக்கோடாகவோ நடுவில் உடைந்த கோடாகவோ இருக்கும். வரிசையாக வானம், ஏரி, நெருப்பு, இடி, காற்று, நீர், மலை, பூமி. இவற்றில் வானம், பூமி, நீர், நெருப்பு ஆகிய நான்கையும் தென்கொரியக் கொடியின் மூலைகளில் பார்க்கலாம். நாம் தரையில் நடக்கும் பாதையும் இதே அமைப்புதான், மூன்று குறுக்குக் கோடுகள், நடுவில் ஒரு நேர்கோடு. அதனால் ஆரம்பித்த இடத்திலேயே முடிக்க வேண்டும். ஓரடி தள்ளிப் போய் முடித்தால் எங்கோ உங்கள் கால் நீளம் மாறிவிட்டது என்று அர்த்தம், கடைசியில் நைசாக நகர்ந்து சரிசெய்யாதீர்கள், எந்தத் திருப்பத்தில் பிசகியது என்று தேடுங்கள்.

பெரும்பாலும் அது ஆப் சோகி, ஆப் குபி என்ற இரண்டு நிற்கும் நிலைகளில்தான் இருக்கும். முதல் பூம்சேயான இல்ஜாங்கில் இரண்டும் கலந்து வருகின்றன. ஆப் சோகி என்பது சாதாரணமாக நடக்கும்போது சட்டென்று நின்றதுபோல, எடை இரண்டு காலிலும் சமம், உடம்பு நிமிர்ந்து இருக்கும். ஆப் குபி நீளமானது, முன் முழங்கால் மடங்கி, பின் கால் நீண்டு நிற்கும். பலர் இரண்டையும் நடுவாந்திரமாக ஒரே நிலையாக்கிவிடுகிறார்கள், அப்போது பூம்சேயின் ஏற்ற இறக்கமே காணாமல் போகிறது. கிஹாப், அதாவது ஓங்கிக் குரல் கொடுப்பது, இதில் கடைசிக் குத்தில்தான். அதை விட்டுவிட்டால் சர்வதேசப் போட்டியில் பெரிய தவறாகக் கணக்கிட்டு 0.3 குறைப்பார்கள், சின்னத் தவறுக்கு 0.1. பத்துப் புள்ளியில் துல்லியத்துக்கு 4, வெளிப்பாட்டுக்கு 6 என்பதையும் மறக்க வேண்டாம், சரியாகச் செய்துவிட்டு உயிரில்லாமல் நின்றால் பாதிக்கு மேல் போய்விடும்.

மூன்றாவது பூம்சே சாம்ஜாங், நெருப்பு. முன் உதைக்குப் பின் இரண்டு குத்துகள் அடுத்தடுத்து வர வேண்டும், காலை இறக்கிவிட்டு மூச்சு வாங்கி யோசித்துக் குத்தினால் அது நெருப்பு இல்லை. இதற்கு எதிர்ப்பக்கம் ஆறாவதான யுக்ஜாங், நீர். அதன் நடுவில் இரண்டு கைகளையும் கீழே விரித்துத் தடுக்கும் அசைவு மெதுவாக வரும், எல்லோரும் அதைத்தான் அவசரப்படுத்துகிறார்கள், இல்லாவிட்டால் மூச்சை அடக்கித் தோளைத் தூக்கிக்கொள்கிறார்கள். மூச்சைச் சீராக விட்டபடியே செய்யுங்கள். ஏழாவதான சில்ஜாங்கில் புலி நிலையான போம் சோகி வரும்போது முன்காலில் ஏறக்குறைய எடையே இருக்கக் கூடாது, முன்காலைத் தூக்கிப் பார்த்து உடம்பு அசையாமல் இருந்தால் சரி.

பிளாக் பெல்ட்டுக்கு வரும்போது கும்காங் என்ற பூம்சேயில் இந்தப் பொருளும் அசைவும் எப்படி ஒன்றாகின்றன என்று தெளிவாகத் தெரியும். அதன் பாதை மலை என்பதற்கான சீன எழுத்தின் வடிவம். ஒற்றைக்காலில் கொக்குபோல நிற்கும் ஹாக்தாரி சோகியும், கால் விரித்துத் தரையை ஓங்கி மிதித்து இரு கைகளையும் மலை முகடுபோல உயர்த்தும் சான்தல் மக்கியும் அதில் வருகின்றன. ஒற்றைக்காலில் நிற்கும்போது நிற்கும் முழங்காலை நிமிர்த்துவதுதான் பெரும்பாலான ஆட்டத்துக்குக் காரணம், அதை மடக்கியே வையுங்கள். சான்தலில் தோள் காதுவரை ஏறினால் மலை சரிந்துவிட்டது. ஓங்கி மிதிப்பது சத்தத்துக்காக இல்லை, இடுப்பின் எடை அப்படியே இறங்க வேண்டும்.

அப்புறம் வரலாறு. "இரண்டாயிரம் ஆண்டு பழைய பூம்சே" என்று மாணவர்களிடம் சொல்லாதீர்கள், தயவுசெய்து. டேக்வாண்டோ என்ற பெயரே 1955-இல்தான் வந்தது, தொடக்ககால ஆசிரியர்கள் பலர் ஜப்பானில் கராத்தே கற்றவர்கள், டேகுக் பூம்சேகள் 1970-களின் தொடக்கத்தில் வந்தவை. டேக்வாண்டோவின் இன்னொரு பிரிவான ஐடிஎஃப்-இன் தூல்களுக்கான (பூம்சே போன்ற அசைவுத் தொடர்கள்) விளக்கங்களையும் அப்படியே வரலாறாக ஒப்பிக்க வேண்டாம். வோன்-ஹ்யோ என்ற துறவியின் பெயரிலுள்ள தூலின் விளக்கம் 686-இல் அவர் பழைய கொரிய அரசான சில்லாவுக்குப் பௌத்தம் கொண்டுவந்ததாகச் சொல்கிறது, ஆனால் 686 அவர் இறந்த ஆண்டு, சில்லா அரசு பௌத்தத்தை ஏற்றது 527-இல். விளக்கம் பிழை என்பதால் அதன் 28 அசைவுகளும் வீணாகிவிடாது, கற்றுக்கொடுப்பவர் உண்மையைச் சேர்த்துச் சொன்னால் போதும்.

சூங்-மூ தூல் கொரியக் கடற்படைத் தளபதி யி சுன்-சின் பெயரில் உள்ளது. அது இடதுகைத் தாக்குதலோடு முடிவதே அவர் தன் முழுத் திறனையும் காட்ட முடியாமல் இறந்ததன் அடையாளமாகத்தான். முடிந்துவிட்டது என்ற நினைப்பில் பலர் அந்த இடதுகைக் குத்தைத் தளர்வாக விடுகிறார்கள். முழங்கை நீள்வதும் இடுப்பு திரும்புவதும் வலதுகைக்கு எப்படியோ அப்படியே இருக்கட்டும், கட்டளை வரும்வரை பார்வையை இறக்காதீர்கள்.