ஃபோக்கர் மூவிறக்கை: முதலில் வாலைப் பாருங்கள்

முதல் உலகப் போரின் ஜெர்மானியப் போர் விமானி வெர்னர் ஃபோஸ் கடைசியாகப் பறந்த ஃபோக்கர் மூவிறக்கை (ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று இறக்கை கொண்ட) விமானத்தை 1/48 அளவு மாதிரியாகச் செய்தபோது, எஞ்சின் மூடியில் இருந்த கண்களையும் மீசையையும் மெல்லிய தூரிகையால் இரண்டு இரவு தீட்டினேன். முடித்த பிறகுதான் பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டேன். வால் தப்பு. மாதிரிப் பாகங்களின் பெட்டியில் வந்திருந்தது பின்னால் உற்பத்தியான விமானத்தின் வால். அன்றிலிருந்து எந்த ஃபோக்கர் மூவிறக்கைப் படத்தை எடுத்தாலும் வாலிலிருந்துதான் தொடங்குகிறேன்.

இந்த விமானக் குடும்பம் 1917-இல் சில மாதங்களுக்குள் வளர்ந்தது. முதல் முன்மாதிரி வி.4. இறக்கை நுனிப் பக்கம் மூன்றையும் இணைக்கும் கம்பம் இதில் கிடையாது. அது இல்லாத படம் கிடைத்தால் வேறெதுவும் பார்க்க வேண்டாம். அடுத்து வந்த வி.5-இல் இறக்கை நீண்டது, கம்பம் வந்தது, மேல் இறக்கையின் எலரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் அசையும் பகுதி) நுனியில் கொம்பு போல் ஒரு பகுதி நீட்டிக்கொண்டது. 101/17 என்ற எண் கொண்ட விமானத்தை ஆகஸ்ட் 11 அன்று பெர்லினின் அட்லர்ஸ்ஹோஃபில் எடையேற்றி உடையும்வரை சோதித்தார்கள். 102/17, 103/17 இரண்டும் எஃப்.1 என்ற பெயரில் போர்முனைக்குப் போயின. அந்தப் பெயரில் பறந்தவை இவை இரண்டு மட்டுமே. அப்புறம் வந்த உற்பத்தி விமானம் டிஆர்.1, மொத்தம் 320.

எஃப்.1-க்கும் டிஆர்.1-க்கும் இடையில்தான் எல்லோரும் தடுமாறுகிறோம். வாலின் கிடைமட்டப் பகுதியில், முன் விளிம்பின் மீது ஒரு ஸ்கேலை வையுங்கள். விளிம்பு ஸ்கேலோடு ஒட்டி நேராகப் போனால் டிஆர்.1. லேசாக வளைந்தால் எஃப்.1. வளைவு மிகச் சிறியது, சாய்வான கோணத்தில் எடுத்த படத்தில் கண் ஏமாறும். அதனால் மேலிருந்தோ பின்னாலிருந்தோ எடுத்த படத்தைத் தேடி இன்னொரு முறை பாருங்கள். இரண்டாவது அடையாளம் கீழ் இறக்கை நுனிகளுக்கு அடியில் உள்ள சின்னச் சறுக்குக் கட்டை: டிஆர்.1-இல் உண்டு, எஃப்.1-இல் இல்லை. ஆனால் அது புல்லிலும் நிழலிலும் எளிதில் மறைந்துவிடும். ஆகவே அதை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள்.

உடலில் எழுதிய எண் தெரிந்தால் வேலை சுலபம். மேலே வண்ணம் பூசியிருந்தால் அதுவும் போய்விடும்.

தேதி பெரிய துணை. ஜெர்மானிய விமானி குர்ட் வொல்ஃப் 1917 செப்டம்பர் 15 அன்று 102/17-இல் இறந்தார். எட்டு நாள் கழித்து ஃபோஸ் 103/17-இல். டிஆர்.1 போர்முனைக்கு வந்தது அக்டோபரில். எனவே 1918 வசந்தத்தில் ஜெர்மானிய விமானங்களின் அடையாளமாக வந்த நேர்க்கோட்டுச் சிலுவை தெரியும் படம் எஃப்.1 ஆகவே முடியாது. ‘சிவப்பு பேரன்’ என்று பெயர்பெற்ற விமானி ரிச்தோஃபென் 1917 செப்டம்பர் 1 அன்று தன் 60-ஆவது வெற்றியை முழுச் சிவப்பு மூவிறக்கையில் பெற்றதாக வரைகிறார்கள். அன்று அவர் பறந்தது 102/17; அது முழுச் சிவப்பு அல்ல. முழுச் சிவப்பு என்று நாம் நினைப்பது, அவர் 1918 ஏப்ரல் 21 அன்று இறந்த டிஆர்.1 425/17.

நிறத்தைக் கடைசியில் வையுங்கள். அந்தக் காலத்து ஃபிலிம் பலவற்றில் சிவப்பு கறுப்பாகத் தெரியும், நீலம் வெளுத்துவிடும். கறுப்பாக இருப்பதைச் சிவப்பு என்று எழுதிவிடக் கூடாது.

வண்ணப் படத்தில் பறப்பது எதுவானாலும் நகல்தான். அசல் ஒன்றுகூட இன்று முழுதாக மிஞ்சவில்லை. வால் அடியில் சறுக்குக் கட்டைக்குப் பதில் சக்கரம் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அசலில் எஞ்சினே புரொப்பல்லரோடு சேர்ந்து சுழலும். பெரும்பாலான நகல்களில் அது அசையாமல் நிற்கும். நகலின் வாலை அளந்து மாதிரி செய்பவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது.

என் ஃபோஸ் விமானத்தின் வாலைப் பிரித்தெடுத்து, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் புதிதாக வெட்டி, முன் விளிம்பை உப்புத்தாளால் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துத் தேய்த்து ஒட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதுமாக இருந்தது.