பூங்காச் சுவர் ஓவியத்துக்குக் காசு சேர்ப்பது எப்படி?

"ஓவியம் வரையக் காசு தாங்கோ" என்று போனால் வன்னியில் எந்தக் கந்தோரிலும் சிரிப்புத்தான் கிடைக்கும். குளக்கட்டு, ஒழுங்கை, மலசலகூடம் எல்லாம் வரிசையில் நிற்கும்போது சித்திரத்துக்கு யார் தருவார்? அதே ஆட்களிடம் "சிறுவர் பூங்காவின் 60 அடிச் சுவர், பிரதேச சபையின் சொத்து, அனுமதிக் கடிதம் இது, மதிப்பீடு இது, பிறகு பராமரிக்கப்போவது இந்தச் சங்கம்" என்று கடதாசிகளை வைத்தால் பேச்சு மாறும். ஆகவே காசு தேடுமுன் இந்தக் கடதாசிகளைத் தேடுங்கள்.

முதலில் சுவர் யாருடையது என்று பாருங்கள். பூங்காவும் சந்தையும் பெரும்பாலும் பிரதேச சபைக்குரியவை. ஏ9 வீதியோரம் என்றால் வீதி அபிவிருத்தி அதிகாரசபையைக் கேட்கவேண்டும். பெரிய குளக்கட்டுக்கு நீர்ப்பாசனத் திணைக்களம், ஊர்ச் சிறுகுளத்துக்குக் கமநல அபிவிருத்தித் திணைக்களம். பாடசாலை மதிலுக்கு அதிபரோடு வலயக் கல்விப் பணிமனையும் சம்மதிக்கவேண்டும். பொதுநோக்கு மண்டபம்தான் சிக்கல்: கட்டியது ஒரு திட்டம், திறப்பு வைத்திருப்பது ஒரு சங்கம், காணி இன்னொருவர் பெயரில். விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

சபைத் தவிசாளர் வாயால் சொன்ன "செய்யுங்கோ" போதாது. சபைக் கூட்டத்தில் தீர்மானமாகி, செயலாளர் ஒப்பமிட்ட கடிதம் வேண்டும். தவிசாளர் மாறினாலும் அது நிற்கும். வர்ணம் தீட்டிய மாதிரிப் படத்தைக் கடிதத்தோடு இணைத்து, "இணைப்பில் உள்ள படத்துக்கு அமைய" என்ற சொல்லையும் போடுவியுங்கள். எந்த உருவம், எந்த நிறம், எந்தச் சின்னம் என்று இங்கே எல்லாரும் உற்றுப் பார்ப்பார்கள். சுவர் முடிந்த பிறகு வரும் கேள்விக்கு அந்த இணைப்புத்தான் பதில்.

அடுத்தது மதிப்பீடு. 60 அடி நீளம், 6 அடி உயரமான சுவர் 360 சதுர அடி, ஏறத்தாழ 33 சதுர மீற்றர். ஒரு லீற்றர் பெயின்ற் ஒரு பூச்சுக்கு ஏறத்தாழ 10 சதுர மீற்றர் ஓடும். சொரசொரப்பான சுவரில் இன்னும் குறையும். அதனால் காரம் தாங்கும் சீலர் 4 லீற்றர், வெளிச்சுவர் வெள்ளை இரண்டு பூச்சுக்கு 8 லீற்றர், படத்துக்கான வர்ணங்கள் எல்லாமாக 8 முதல் 10 லீற்றர். இதில் பலரும் விடும் பிழை, பெயின்றை மட்டும் கணக்கிடுவது. சுவர் உரிவது பெரும்பாலும் மேலிருந்துதான்: சுவரின் உச்சியில் வெடிப்பிருந்தால் மழைநீர் உள்ளே இறங்கி வர்ணத்தைத் தள்ளிவிடும். சாய்வான சீமெந்துத் தொப்பி போட மேசன் கூலியைச் சேருங்கள். கீழே 9 அங்குலத்துக்கு இருண்ட நிறப் பட்டி வையுங்கள். மழையில் செம்மண் தெறிப்பது அங்கேதான். புதிதாகச் சீமெந்து பூசிய சுவர் என்றால் 28 நாள் ஆறவிடவேண்டும். சீமெந்துப் பூச்சுக்கு உவர்த்தண்ணீர் கலந்தால் வெள்ளையாக உப்புப் பூத்துவிடும், உவர்த்தண்ணீரோடு வாழும் பூநகரிப் பக்கத்தாருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. நல்ல தண்ணீர் பவுசருக்கும் ஒரு வரி எழுதுங்கள். ஓவியர் ஒருவரும் உதவியாளரும் நாளுக்கு 30 சதுர அடி முடித்தால் 12 நாள், சுவர் கழுவிக் காயவைக்க இன்னும் மூன்று நாள். ஓவியர் கூலியைச் "சேவை" என்று வெறுமையாக விடாதீர்கள். இலவசமாக வருபவர் பாதியில் கூலிவேலை கிடைத்துப் போனால் தடுக்க உங்களுக்கு வாயில்லை. விலைக்கு மூன்று கொட்டேசன் எடுங்கள், திகதியோடு.

இனிக் காசு. ஒரே இடத்தில் முழுத்தொகையையும் கேட்காதீர்கள். வேலையைத் துண்டாக்கி அவரவருக்குப் பொருந்துவதைக் கேளுங்கள். மேசன் வேலையும் தொப்பியும் சபையின் பராமரிப்புக்குள் அடங்கும். பெயின்றைக் கம்பனியிடமோ ஊர்க் கடைக்காரரிடமோ பொருளாகவே கேளுங்கள், காசைவிட ரின் சுலபமாக வரும். ஓவியர் கூலிக்குப் புலம்பெயர்ந்த ஊரவரைக் கேளுங்கள். வெளிநாட்டுத் தூதரகங்களின் சிறுமானியத்துக்கு எழுதுவதென்றால் ஓவியத்தை முன்னுக்கு வைக்காமல், பிள்ளைகள் பாவிக்கும் இடம் என்பதை முன்வையுங்கள். அவுஸ்திரேலியாவின் நேரடி உதவித் திட்டம், கனடாவின் உள்ளூர் முயற்சிகளுக்கான நிதி போன்றவை சமூகப் பயனைத்தான் பார்க்கின்றன.

சபைக் காசுக்கு நாட்காட்டி முக்கியம். நிதியாண்டு ஜனவரியில் தொடங்கும், வரவுசெலவுத் திட்டம் அதற்கு முன்னரே நிறைவேறும். ஆகவே முன்மொழிவு ஓகஸ்ட், செப்ரெம்பரில் உங்கள் வட்டார உறுப்பினர் கையில் இருக்கவேண்டும். சோலைவரி (வீடு, காணிகளுக்குச் சபை அறவிடும் வரி) குறைந்த சபையில் பெரிய தொகை எதிர்பார்க்காதீர்கள். பாராளுமன்ற உறுப்பினர்களின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி கிடைக்கும் ஆண்டென்றால் பிரதேச செயலகத் திட்டமிடல் பிரிவில் விசாரியுங்கள். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் 1959இலேயே பொதுக் கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு பங்கைக் கலைக்கு ஒதுக்க விதித்தது. இங்கே அப்படிச் சட்டம் தேவையில்லை. புதிய சந்தை, நூலகம் என்று மதிப்பீடு போடும்போதே தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் சொல்லி ஒரு சுவரைச் சேர்ப்பித்தால் போதும்.

அரச காசில் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, வேலை முடித்து, அளந்து, பில் போட்ட பிறகே காசு வரும். கடையில் கடன் சொல்ல முடியாத சங்கம் அந்த இடைவெளியில் நின்றுவிடும். கைமாற்றுக்கு ஒரு தொகையை முன்கூட்டிப் புலம்பெயர் பங்கிலிருந்து ஒதுக்குங்கள். மற்றது, ஒதுக்கீடு ஆண்டுக் கடைசியில் கைக்கு வந்து "டிசம்பருக்குள் முடியுங்கோ" என்ற அவசரம். அது சரியாக மாரிமழை நேரம். ஈரச் சுவரில் வரைந்தால் தை பிறக்க முன்பே கொப்புளிக்கும். அப்போது மேசன் வேலையை மட்டும் முடித்து அந்தப் பில்லைக் கொடுங்கள், வரைவதை வைகாசிக்குத் தள்ளுங்கள். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் நாட்களில் புழுதி ஈரவர்ணத்தில் ஒட்டும், அதிகாலையில் தொடங்கிப் பத்து மணிக்குள் பெரிய பரப்புகளை முடிப்பது நல்லது.

புலம்பெயர் காசு தனியாள் கணக்குக்கு வரவே கூடாது. கிராம அபிவிருத்திச் சங்கத்தினதோ சனசமூக நிலையத்தினதோ வங்கிக் கணக்கு, காசோலைக்கு இரண்டு ஒப்பம், ஒவ்வொரு ரின்னுக்கும் பற்றுச்சீட்டு. படம் எடுத்து அனுப்பும்போது பற்றுச்சீட்டையும் சேர்த்து அனுப்பினால் அடுத்த சுவருக்கும் தருவார்கள். பெயர்ப்பலகை பற்றி முதலே பேசிவிடுங்கள்: ஒரே பலகை, 2 அடிக்கு ஒன்றரை அடி, எல்லாப் பெயரும் ஒரே அளவு. ஓவியத்தைவிடப் பெரிய அன்பளிப்புப் பலகைகள் ஊருக்கு ஏற்கெனவே போதும்.

சேரும் தொகையில் பத்திலொரு பங்கைத் தொடாமல் வையுங்கள். சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் வெளுக்கும், மேற்குப் பார்த்த சுவரில் இன்னும் விரைவாக. ஒவ்வொரு நிறத்திலும் அரை லீற்றரை இறுக்கி மூடி, ரின்னில் நிற இலக்கத்தையும் திகதியையும் எழுதி வாசிகசாலை அலுமாரியில் வையுங்கள். திறப்பு யாரிடம் என்பதைக் கூட்ட அறிக்கையில் பதியுங்கள்.